சக்கர வழி – புருடி ஏரிக்கு ஒரு காலைப் பயணம்



சென்ற இதழில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சங்கத்து மூத்த அங்கத்தினர் ஒருவர், என்னைப் பார்சல் ஆபீசு வாசலிலேயே பிடித்துக் கொண்டார். “ஏனப்பா, மலைப்பக்கம் சைக்கிளில் போங்கள் என்று எழுதிவிட்டாய். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் இரண்டும் தனித்தனியே பென்ஷன் கேட்கின்றன. என் பேத்திக்கு வயது ஒன்பது. நாங்கள் இருவரும் சேர்ந்து போகக்கூடிய மலைவழி ஏதாவது உண்டா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவரைப் போன்றோர் பலர் கேட்கக் கூடியதும்கூட. ஆதலால் இம்மாதம் அதற்கே விடை எழுதுகிறேன்.

மலை சைக்கிள் என்றவுடன் பாறைக்குப் பாறை தாவுகின்ற வீர வாலிபர்களின் படந்தான் நம் கண்முன் வருகிறது. அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், தமால்பைஸ் என்னும் மலையின் மண்சரிவுகளில் சில இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இறங்கிப் பந்தயம் விட்டார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கின் கிரீஸ் சூடேறிப் புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அவ்விளையாட்டே வளர்ந்து, 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரு பந்தயமாகவும் இடம் பெற்றது. ஆனால் தடித்த டயரும் பல கியர்களும் உள்ள அதே வண்டி, நிதானமாகச் செல்லும் கிழவருக்கும் குழந்தைக்கும் இன்னும் அதிகமாகப் பயன்படும். கல்லும் குழியுமான கிராமத்து மண்பாதையில் அது தடுமாறாது. மெல்லச் சென்றாலும் சாயாது. வண்டி முரட்டு வண்டியாயினும், செல்லும் வழி சாதுவாக இருக்கலாம் அல்லவா?

வழி சாதுவா, முரடா என்பதை நிர்ணயிப்பது தூரமன்று, ஏற்றமே. இரயில்வேக்காரனுக்கு இது பால பாடம். தண்டவாளத்தின் ஓரத்தில் சிறு கம்பம் ஒன்றில் “100-க்கு 1”, “200-க்கு 1” என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு அடி சென்றால் ஓரடி ஏறுகிறோம் என்பது அதன் பொருள். பம்பாய் வழியிலுள்ள போர் காட் மலையேற்றம் 37-க்கு 1. எஞ்சின்கள் பின்னாலிருந்து தள்ளினால்தான் கனத்த வண்டி ஏறும். நம் நீலகிரி இரயில் ஏறுவது ஏறக்குறைய 12-க்கு 1. அங்கே பல்சக்கரம் இல்லாமல் காரியம் நடவாது.

இதனைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக் கொள்வோம். 100-க்கு 1 ஏற்றத்தில், 800 கிராம் எடையைக் கயிற்றில் கட்டி யாரோ நம்மைப் பின்னே இழுப்பது போலிருக்கும். 37-க்கு 1 என்றால் அது 2 கிலோவுக்குச் சற்று அதிகம். நீலகிரி ஏற்றத்திலோ ஆறரைக் கிலோ. முன்னதைக் குழந்தையும் பொறுக்கும். பின்னதில் பயில்வானும் இறங்கித் தள்ளுவான். எனவே, மலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். மலைமேல் ஏறிக்கொண்டு போக வேண்டியதில்லை. மலையடிவாரத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் செல்லும் பாதைகளே நமக்கு உகந்தவை.

அத்தகைய பாதை நம் வாசலிலேயே இருக்கிறது. டாடாநகரின் உயரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 159 மீட்டர். கிழக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்சிலாவின் உயரம் சுமார் 103 மீட்டர். கணக்குப் போட்டால் 600-க்கு 1 என்ற அளவில்கூட வாட்டம் இல்லை. சுவர்ணரேகை ஆறு காலங்காலமாக அறுத்துச் சமன் செய்து வைத்த பள்ளத்தாக்கு இது. 1887-இல் தோன்றிய பெங்கால் நாகபுரி இரயில்வேயார் இருப்புப்பாதைக்கு இவ்வழியைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. வடபுறம் தல்மா மலைத்தொடர் நீலச் சுவர் போல் கூடவே வரும். தென்புறம் ஆறு வரும். நடுவே வயலும், சால மரக் காடும், சந்தால் மக்களின் கிராமங்களும்.

நாம் செல்லப் போவது காட்சிலாவிலிருந்து புருடி ஏரிக்கு. பெயரைக் கேட்டு யாரும் இது புருடா என்று எண்ண வேண்டாம். சந்தாலி, முண்டாரி மொழிகளில் ‘புரு’ என்றால் மலை. ‘டீ’ என்பது இப்பக்கத்து ஊர்ப் பெயர்களின் வாலாக வந்து குடியிருப்பைக் குறிக்கும். ஆக, மலையூர் என்று கொள்ளலாம். நம் நாட்டிலும் மலையூர்கள் உண்டல்லவா?

காலை வண்டியில் காட்சிலாவில் இறங்கியதும், முதலில் வயிற்றைக் கவனிப்பது நலம். கடைகளில் பொரியும், பட்டாணிக் குழம்பாகிய குக்னியும் கிடைக்கும். தையல் இலைத் தொன்னையில் தருவார்கள். இலை, சால இலை. ஈர்க்குச்சியால் தைத்திருப்பது மட்டும் நம் ஊர் வழக்கமே. வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் வாழ்ந்த ‘கௌரிகுஞ்ச’ என்னும் இல்லம் இவ்வூரில்தான் இருக்கிறது. ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய அவர் 1950 நவம்பர் முதல் தேதி இவ்வூரிலேயே காலமானார். இம்மண்ணில் நாள்தோறும் நடந்து நடந்து, காட்டையும் மக்களையும் கண்டறிந்தவர் அவர். நேரமிருப்பின் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

ஊரைக் கடந்து, பூல்டுங்ரி என்னும் சிறு குன்றின் அருகே 18-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்ட வேண்டும். இப்பயணத்தில் அஞ்ச வேண்டிய இடம் இது ஒன்றே. லாரிகள் பறக்கும். சைக்கிளைவிட்டு இறங்கி, குழந்தைகளைக் கைப்பிடித்து, இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும். அதற்கப்பால் வடக்கே திரும்பினால் இரைச்சல் பின்தங்கிவிடும். பிறகு ஏரி வரையில் மாட்டு மணியும், கோழியின் கொக்கரிப்பும், நம் சங்கிலியின் கிரிச்சொலியுந்தான்.

காட்சிலாவிலிருந்து ஏரி சுமார் 9 கிலோமீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், நின்று நின்று போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஏற்றம் வருவதே தெரியாமல் வரும். மலைகள் இரு பக்கமும் நெருங்கி வருவதைக் கொண்டுதான் நாம் மேலே வந்திருப்பதை அறிய முடியும். வழியிலுள்ள சந்தால் கிராமங்களின் வீட்டுச் சுவர்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மண் சுவர்தான், ஆனால் அடியில் ஒரு நிறப் பட்டை, மேலே ஒரு நிறப் பட்டை எனப் பூசி மெழுகி, கண்ணாடி போல் வைத்திருப்பார்கள். தெரு பெருக்கியிருக்கும். நம் குவார்ட்டர்ஸ் சந்துகளை நினைத்துக்கொண்டு நான் மௌனமாகிவிட்டேன்.

ஏரி, மலைகளுக்கு இடையே அணை கட்டித் தேக்கிய நீர். காற்றில்லாத காலையில் மூன்று புறத்து மலையும் தலைகீழாக அதில் தெரியும். கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். ஆனால் நீந்த இறங்க வேண்டாம். ஆழம் திடீரென்று வரும். உண்ட இலையைத் தவிர வேறெதையும் அங்கே விட்டு வராதீர்கள். ஏரிக்கு அப்பால் தாராகிரி அருவிக்குப் பாதை போகிறது. அது மலையேற்றம். முழங்கால் திடமுள்ளவர்கள் போய்வரட்டும். நம் மூத்த அன்பரும் பேத்தியும் ஏரியோடு திரும்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

வழிப்போக்கருக்கு ஒரு மரியாதை உண்டு. எதிரே வருபவரைக் கண்டால் ‘ஜோஹார்’ என்று கைகூப்புங்கள். இங்குள்ள பழங்குடியினரின் வணக்கச் சொல் அது. ஊர்ப்புறத்தில், வெட்டாமல் விட்ட பழைய சால மரக் கூட்டம் ஒன்று தென்பட்டால் அது ‘ஜாஹேர்’. அவர்களுடைய தெய்வங்கள் உறையும் தோப்பு. நம் கிராமங்களில் ஐயனாருக்கும் காளிக்கும் விட்டிருக்கும் கோயிற்காடு போன்றது. அங்கே சைக்கிளைச் சாத்துவதோ, சாப்பிட உட்காருவதோ கூடாது. வீட்டையும் பெண்டு பிள்ளைகளையும் கேட்காமல் படம் பிடிப்பதும் தகாது. நம் வீட்டுத் திண்ணையை யாரேனும் அப்படிப் படம் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா?

பங்குனி மாதத்தில் ஒருமுறை, சங்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு இவ்வழியே போனேன். விடிந்து சற்று நேரம் ஆகியிருந்தது. ஒரு மரத்தடியில், வெளிறிய மஞ்சள் நிறத்தில் முத்து முத்தாகப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. மூதாட்டி ஒருவர் கூடையில் பொறுக்கிக் கொண்டிருந்தார். பிள்ளைகள் வண்டியை நிறுத்திச் சூழ்ந்து கொண்டார்கள். அம்மூதாட்டி ஆளுக்கு இரண்டு பூவைக் கொடுத்து, “தின்று பாருங்கள், மஹுவா” என்றார். தித்திப்பாக இருந்தது. கூட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாமா, இது இலுப்பை! எங்கள் தாத்தா ஊர்க் கோயில் வாசலில் இருக்கிறது. இந்த மரம் இங்கே எப்படி வந்தது?” என்றாள்.

அவள் சொன்னது மெய்தான். இரண்டும் ஓரின மரங்களே. வடக்கத்திய மரத்துக்கு இலை அகலம். தெற்கத்திய மரத்துக்கு இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். அவ்வளவே பேதம். அதனை நான் இந்தியில் அம்மூதாட்டியிடம் சொன்னேன். “உங்கள் தேசத்திலும் மஹுவா உண்டா?” என்று அவர் வியந்தார். உண்டென்றதும், வேற்றூரார் என்று ஒதுங்கி நின்ற அவருடைய மருமகள் வீட்டிற்குள் சென்று, ஒரு செம்பு குளிர்ந்த நீர் கொண்டுவந்து வைத்தாள். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று பழமொழி சொல்லியிருக்கிறோம். ஆலைகளே நிறைந்த ஊரில் வாழ்ந்துகொண்டு, இலுப்பைப்பூவின் இனிப்பை அன்றுதான் எங்கள் பிள்ளைகள் அறிந்தார்கள்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொங்கல் விழாவின்போது பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்து, ‘நம் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தோம். வந்த படங்களில் பெரும்பாலானவை தென்னை மரமும் கோபுரமும். அவை நெஞ்சுக்கு இதமானவைதாம். ஆனால் அப்பிள்ளைகள் தென்னையைப் பார்ப்பது ஆண்டில் பதினைந்து நாள். மீதி முந்நூற்றைம்பது நாளும் அவர்கள் வாழ்கின்ற மண்ணின் ஆறோ, தல்மா மலையோ, சால மரமோ ஒரு தாளிலும் இல்லை. தெற்கே போகும் இரயிலின் ஜன்னல் வழியே இந்நாட்டைக் கடந்து போகிறோமே அன்றி, இதற்குள் நாம் காலடி வைத்ததில்லை. ஊரிலே போய் ‘டாடா பிள்ளைகள்’ என்று பெயர் வாங்குகிறார்கள். இங்கே ‘மதராஸிப் பிள்ளைகள்’. இரண்டிடத்திலும் விருந்தாளியாகவே வளரும் குழந்தைக்கு, எந்த மண் சொந்தம்?

தாய்மொழியைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காகத்தானே இச்சங்கமும் இப்பத்திரிகையும். ஆனால் தன் மொழியை நேசிப்பவனுக்கு, அயலான் மொழிமேல் கொண்ட நேசமும் விளங்க வேண்டும். சந்தாலி மொழிக்கு ‘ஒல் சிகி’ என்று தனி எழுத்து உண்டு. பண்டித ரகுநாத் முர்மு 1925-இல் அதை அமைத்தார். 2003-இல் அம்மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. வழியோரத்துப் பலகைகளில் அவ்வெழுத்தைக் காணும்போது, “இவர்களும் நம்மைப் போலவே தம் மொழிக்காகப் பாடுபட்டவர்கள்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் பொங்கல் வைக்கும் மகர சங்கராந்தியன்றே இப்பக்கத்துக் கிராமங்களில் துசு திருநாள். அறுவடை முடிந்த மகிழ்ச்சி இருவருக்கும் ஒன்றே. அவர்கள் மாட்டுக்கு எண்ணெய் பூசிக் கொண்டாடும் சொஹராய் திருநாளைக் கண்டால், நம் மாட்டுப் பொங்கல் நினைவு வராமல் போகாது. இவையெல்லாம் காரில் நாற்பது மைல் வேகத்தில் போனால் தெரியா. நடந்தால் பொழுது போதாது. சைக்கிள்தான் அதற்கேற்ற வாகனம். நிறுத்தக் காரணம் தேடவேண்டியதில்லை. காலை ஊன்றினால் நின்றுவிடும்.

கரக்பூர்ப் பக்கத்து அன்பர்கள் கோபிக்க வேண்டாம். அவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். கரக்பூரிலிருந்து 39 கிலோமீட்டரில் ஜார்கிராம். அங்கிருந்து சில்கிகட் என்னும் ஊருக்குச் சுமார் 14 கிலோமீட்டர். செம்புறை மண்ணும் சால மரக் காடும் சூழ்ந்த பாதை. டுலுங் என்னும் சிற்றாற்றின் கரைக் காட்டில் கனக துர்க்கை ஆலயம் இருக்கிறது. மலை கிடையாது, ஏற்றமும் இல்லை என்றே சொல்லலாம். முதன்முதல் பயணத்துக்கு இதுவே போதும். அம்மன் தரிசனமும் ஆயிற்று.

இனிச் சில நடைமுறைக் குறிப்புகள்.

வண்டி: விலையுயர்ந்த மலை சைக்கிள் கட்டாயமன்று. புருடி வரையில் சாதாரண வண்டியே போகும். மண்பாதைகளில் அலைய விரும்புவோர் இரண்டங்குல டயர் உள்ளதை வாங்கலாம். அதில் காற்றைக் கல்லாக அடைக்காமல் 30 முதல் 40 பவுண்டு வைத்தால் கல்லின் அதிர்ச்சி கையை எட்டாது. புறப்படுமுன் இரு பிரேக்குகளையும் சோதிப்பது அவசியம். பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் கைவசம் இருக்கட்டும்.

இரயில்: சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்றக்கூடாது. லக்கேஜ் ஆபீசில் பதிவு செய்து, பிரேக் வண்டியில்தான் அனுப்ப வேண்டும். டிக்கட்டோடு இலவசமாகக் கொண்டுபோகும் சாமான் கணக்கில் சைக்கிள் சேராது; தனிக்கட்டணம் உண்டு. வண்டி புறப்பட அரைமணிக்கு முன்பே கொண்டுவந்துவிட வேண்டும். எல்லா வண்டியிலும் இவ்வசதி இராது. முதல் நாளே விசாரித்துக் கொள்ளுங்கள். பார்சல் குமாஸ்தா கடுகடுவென்றிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். அவனுக்கும் கணக்கு முடிய வேண்டும். இன்னொன்று: தண்டவாளத்தின் ஓரமாகவே சைக்கிளில் போகலாமே என்று சில பையன்கள் யோசிப்பது எனக்குத் தெரியும். அது உயிருக்கு ஆபத்து. 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றமுங்கூட.

காலம்: கார்த்திகை முதல் மாசி வரை உத்தமம். மாசிக் கடைசியில் புரசம்பூ மலர்ந்து காடே தீப்பற்றியது போலிருக்கும். பங்குனியில் போனால் காலை பத்து மணிக்குள் திரும்பும்படி பார்த்துக் கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம்.

யானை: தல்மாக் காட்டு யானைகள் நெல் முற்றும் காலத்தில் கிழக்கு நோக்கிக் கிராமங்களில் இறங்குவதுண்டு. புறப்படுமுன் ஊரார் ஒருவரை, “ஹாத்தி வந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். வந்திருக்கிறது என்றால் அன்று திரும்பிவிடுங்கள். எப்படியும் பொழுது சாயுமுன் நெடுஞ்சாலையைக் கடந்து ஊருக்குள் வந்துவிட வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

மூத்த அன்பருக்கு என் விடை இதுவே: தாராளமாகப் போகலாம். பேத்தி முன்னே போகட்டும். தாங்கள் பின்னே போங்கள். அவள் நின்ற இடத்தில் எல்லாம் தாங்களும் நில்லுங்கள். அவள் கேட்கும் கேள்விகளுக்குத் தங்களுக்கு விடை தெரியாத இடங்களில், வழியில் வரும் ஊராரைக் கேளுங்கள். அவர்களே இம்மண்ணின் வாத்தியார்கள்.

அடுத்த இதழில், சுவர்ணரேகை ஆற்றங்கரையைத் தொடர்ந்து காலுடி அணைக்கட்டுக்குச் செல்லும் வழியைப் பற்றி எழுதுவேன். அதற்குள் யாரேனும் புருடிக்குப் போய் வந்தால், கண்டதை ஒரு கார்டில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி. தென்னை மரமும் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சால மரமும் இருக்கட்டும்.